பத்தமடைப் பாய்க்கு டிசைன் போட எந்தப் பழைய சாம்சங் நோட் போன் எடுக்கலாம்?

கேள்வி: பத்தமடையில் கல்யாணப் பாய்க்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். மாப்பிள்ளை, பொண்ணு பேரை நெய்வதற்காகக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்து, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பேரில் ஒரு எழுத்து மாறினாலும் திரும்ப முதலில் இருந்து வரைய வேண்டியிருக்கிறது. பேனா உள்ள பெரிய போன் வாங்கலாம் என்று இருக்கிறேன். கையில் 15,000 ரூபாய் உண்டு. ஜங்ஷனில் ஒரு கடையில் சாம்சங் நோட் 8, நோட் 9, நோட் 10 லைட் மூன்றும் செகண்ட்ஸில் இருக்கின்றன. எடுத்தால் நோட் 10 பிளஸ்தான் எடுக்கணும் என்கிறார் கொழுந்தனார். அது 17,000 சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருந்து வந்த நோட் 20 அல்ட்ராவை 16,000க்குத் தருகிறேன் என்று இன்னொருவர் நிற்கிறார். இருக்கிற போனுக்கே 150 ரூபாய்க்குப் பேனா வாங்கினால் போதும் என்கிறான் மகன். எது சரி?
- ஒரு வாசகி, பத்தமடை

சகோதரி, உங்கள் வேலைக்கு நோட் 10 லைட் எடுங்கள். கடைக்காரர் காட்டும் அந்த ஒரு செட்டின் டிஸ்ப்ளே மாற்றப்பட்டிருந்தால் அதை விட்டுவிட்டு, டிஸ்ப்ளே மாற்றாத நோட் 9 கிடைத்தால் அதை எடுங்கள். பேனா போனில் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைவிட டிஸ்ப்ளேதான் பெரிய விஷயம். பேனாவின் பாதி அந்த டிஸ்ப்ளேக்குப் பின்னால்தான் இருக்கிறது.

மகன் சொன்ன 150 ரூபாய்ப் பேனாவை முதலில் பார்த்துவிடுவோம். அது விரலுக்குப் பதில் நிற்கிற ஒரு ரப்பர் நுனி. 5, 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். நீங்கள் எந்தக் கட்டத்தைத் தொடுகிறீர்கள் என்பதையே அந்த நுனி மறைத்துவிடும். உள்ளங்கை திரையில் பட்டால் அங்கேயும் ஒரு கோடு விழும், அதனால் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேதான் எழுத வேண்டும். அரை மணி நேரம் அப்படி எழுதினால் தோள்பட்டை வலிக்கும். மோட்டோரோலா எட்ஜ் 60 ஸ்டைலஸ் மாதிரி பேனாவோடு வருகிற புதுப் போன்களும் உண்டு. அந்தப் பேனாவின் நுனி மெல்லியதுதான், ஆனால் அழுத்தத்தை உணராது. அழுத்தி எழுதினாலும் லேசாக எழுதினாலும் ஒரே கோடுதான் வரும்.

சாம்சங் நோட் வரிசைப் பேனா வேறு வகை. டிஸ்ப்ளேக்குப் பின்னால் மெல்லிய கம்பி வலை பதித்த தகடு ஒன்று இருக்கிறது. அது ஒரு சிறு காந்தப் புலத்தை வெளியே விடும். பேனாவுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, தான் எங்கே இருக்கிறேன், எவ்வளவு அழுத்தம் என்று தகட்டுக்குத் திருப்பிச் சொல்லும். வாக்கம் நிறுவனத்தின் தொழில்நுட்பம் இது. நோட் 8 முதல் அழுத்தத்தை 4,096 நிலைகளாகப் பிரித்து அறியும், நோட் 8 பேனாவின் நுனி 0.7 மில்லிமீட்டர்தான். எழுதுவதற்குப் பேட்டரியே வேண்டாம். நோட் 9 முதல் பேனாவுக்குள் புளூடூத் வந்தது. அதற்குத்தான் சார்ஜ். நோட் 9 பேனா 40 விநாடி போனுக்குள் இருந்தால் 30 நிமிடம் வரும். அந்தச் சார்ஜ் தூரத்தில் இருந்து கேமராவை அமுக்கத்தான் உதவும். சார்ஜே ஏறாத பழைய பேனாவும் நன்றாக எழுதும், பக்கவாட்டுப் பட்டனை அமுக்கிக்கொண்டு தேய்த்தால் அழிக்கவும் செய்யும். ஆகவே "பேனா சார்ஜ் நிற்கவில்லை" என்று ஒரு நல்ல செட்டைத் தள்ள வேண்டாம். அதைச் சொல்லி 500, 1,000 குறைத்துக் கேளுங்கள்.

பேனா திரைக்குப் பக்கத்தில் வந்ததும் போன் விரல் தொடுகையை ஒதுக்கிவிடும், அதனால் உள்ளங்கையைத் தாராளமாகத் திரையில் ஊன்றிக்கொண்டு வரையலாம். கோரை நனைத்த கையோடு போனைத் தொடும் உங்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஈரக் கண்ணாடியில் விரல் தொட்டால் தாறுமாறாகப் போகும், காந்தப் புலத்தை நம்பும் பேனா அவ்வளவாகத் தடுமாறாது. இதை வைத்துக்கொண்டு சாயத் தொட்டிப் பக்கம் போனைக் கொண்டுபோக வேண்டாம். அதற்குக் காரணம் கீழே வருகிறது.

இப்போது தலைமுறைகளைப் பார்க்கலாம். 2014இல் வந்த நோட் 4, 2015இல் வந்த நோட் 5 இரண்டையும் யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்று ஆண்ட்ராய்டு 6இலும் மற்றது 7இலும் நின்றுபோனவை. நோட் 5இல் பேனாவைத் தலைகீழாகச் செருகினால் உள்ளே மாட்டிக்கொண்டு, பேனாவை உணரும் சின்ன சுவிட்ச் உடைந்துவிடலாம். 2016இன் நோட் 7 பேட்டரி தீப்பிடித்ததால் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்ட போன், இலவசமாகக் கிடைத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

நோட் 8 வந்தது 2017இல். 6.3 அங்குலம், 6 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், 3,300 மில்லி ஆம்பியர் பேட்டரி. ஆண்ட்ராய்டு 9 வரைதான் வந்தது. பேனா இன்றைக்கும் அருமையாக எழுதும். ஆனால் பேட்டரியே சின்னது, அதற்கு வயதும் ஆகிவிட்டது. மத்தியானத்துக்குள் சார்ஜரில் போட வேண்டி வரும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பேட்டரி மாற்றும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் நோட் 9க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

நோட் 9 (2018) நல்ல செட்டு. 6.4 அங்குலம், 4,000 மில்லி ஆம்பியர், 128 ஜி.பி., மெமரி கார்டு போடலாம், ஹெட்போன் துளை உண்டு, விரல்ரேகை பின்பக்கம். ஆண்ட்ராய்டு 10இல் நின்றது. இந்தியாவில் விற்ற செட்டில் எக்ஸினோஸ் 9810 என்ற சிப், தொடர்ந்து வேலை வாங்கினால் சூடாகும். நோட் 10 லைட்டிலும் இருப்பது அதே சிப்தான், ஆகவே வேகத்தை வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

நோட் 10 லைட் 2020 ஜனவரியில் வந்தது. 6.7 அங்குலம், 4,500 மில்லி ஆம்பியர் பேட்டரி, 6 அல்லது 8 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. இடம், கார்டும் ஹெட்போன் துளையும் உண்டு. ஆண்ட்ராய்டு 13 வரை வந்தது. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் பிளாஸ்டிக், வயர் இல்லாத சார்ஜ் கிடையாது, தண்ணீர் புகாது என்ற தரச்சான்று கிடையாது. விரல்ரேகை திரைக்கு அடியில் இருக்கிறது, சாயம் பிடித்த விரலையோ ஈர விரலையோ அது எளிதில் அடையாளம் காணாது. நான்கு இலக்கப் பின் நம்பர் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு அதையே எடுக்கச் சொல்வதற்குக் காரணம் அதன் தட்டையான திரை. நோட் 8, நோட் 9 இரண்டிலும் இடது வலது ஓரங்கள் கீழ்நோக்கி வளைந்து இறங்கும். வீடியோ பார்க்க அழகாக இருக்கும். கட்டம் போட்டு வரைகிறவருக்கு அது தொந்தரவு. வளைவில் இருக்கும் கட்டம் ஒடுங்கித் தெரியும், பேனா நுனி அந்தச் சரிவில் வழுக்கும், கோடு கட்டத்துக்குள் நிற்காமல் வெளியே போகும். பெட்டியில் 6.4, 6.7 என்று போட்டிருப்பது மூலைக்கு மூலை அளவு. அகலத்தை மட்டும் பார்த்தால் நோட் 9 ஏறக்குறைய 7.1 சென்டிமீட்டர், நோட் 10 லைட் 7 சென்டிமீட்டர். நோட் 9தான் ஒரு நூல் அகலம். ஆனால் அந்த 7.1இல் இரண்டு ஓரத்தையும் வளைவு தின்றுவிடுகிறது, லைட்டில் 7 சென்டிமீட்டரும் வரையக் கிடைக்கிறது. போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் லைட்டில் நீளவாக்கில் 15.5 சென்டிமீட்டர் வரும். 60 கட்டம் போட்டால் கட்டம் ஒன்றுக்கு இரண்டரை மில்லிமீட்டர், பெரிதாக்காமலே பேனா நுனி உள்ளே நிற்கும்.

கொழுந்தனார் சொல்லும் நோட் 10 பிளஸ் (2019) எல்லா விதத்திலும் பெரிய செட்டுதான். 6.8 அங்குலம், 12 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. இடம், ஆண்ட்ராய்டு 12. கேமராவுக்காக எடுப்பவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அந்த ரேமும் தேவையில்லை, பேனாவைக் காற்றில் ஆட்டிப் போனை இயக்கும் வசதியும் தேவையில்லை. ஓரம் இதிலும் வளைவுதான். கீழே விழுந்து கண்ணாடி போனால் மாற்றுச் செலவு உங்கள் முழு பட்ஜெட்டையும் தொடும். பிளஸ் இல்லாத சாதாரண நோட் 10ஐ அதன் இடத்தில் காட்டினால் கவனம், அதில் கார்டு போட இடமே இல்லை.

அமெரிக்க நோட் 20 அல்ட்ராவை நான் தொடமாட்டேன். போன் மட்டமானது இல்லை. 2020இல் வந்த 6.9 அங்குலம், திரை விநாடிக்கு 120 முறை புதுப்பிக்கும், பேனா எழுதிய கோடு கண்ணுக்குத் தாமதம் தெரியாமல் விழும். சிக்கல் அது எங்கிருந்து வந்தது என்பதில். இந்தியாவில் விற்ற செட்டின் மாடல் எண் எஸ்.எம்.-என்986பி. அமெரிக்காவில் விற்றது கடைசியில் யு அல்லது யு1 என்று முடியும். அந்தச் செட்டில் ஜியோ சிம் போட்டால் நெட் ஓடும், ஆனால் வோல்ட்டி (4ஜியிலேயே பேசும் வசதி) வராமல் போகலாம். ஏர்டெல் சிம் என்றால் 2ஜிக்கு இறங்கியாவது அழைப்பு போய்விடும். ஜியோவில் இறங்குவதற்கு 2ஜியும் 3ஜியும் கிடையாது, வோல்ட்டி இல்லையென்றால் பேசவே முடியாது. அங்கே தவணையில் எடுத்துக் கட்டாமல் விட்ட செட்டு, அந்த நாட்டு நெட்வொர்க்குக்குப் பூட்டிய செட்டு என்று வேறு தொல்லைகளும் உண்டு. நோட் 20 வரிசையிலும் எஸ்20, எஸ்21 வரிசைகளிலும் திரையில் மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழும் பழுது பலருக்கு வந்திருக்கிறது, அதற்கு டிஸ்ப்ளேயையே மாற்ற வேண்டும். துபாய், சவுதியில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த செட்டு பரவாயில்லை, அவை பெரும்பாலும் எஃப் அல்லது பி என்று முடியும் நம் ஊர் மாடலேதான். கொரியாவில் விற்ற செட்டு என் என்று முடியும், அதில் கேமராவின் 'க்ளிக்' சத்தத்தை அமைப்புகளில் நிறுத்த முடியாது.

சரி, ஜங்ஷன் கடைக்குப் போகிறீர்கள். முக்கால் மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு போங்கள், கூட்டம் குறைந்த காலை நேரமாகப் பார்த்துப் போங்கள். உங்கள் சிம், ஒரு மெமரி கார்டு, ஒரு சின்ன ஸ்கேல் மூன்றும் பையில் இருக்கட்டும்.

முதலில் டயல் செய்யும் இடத்தில் *#0*# போடுங்கள். சாம்சங்கின் சோதனைத் திரை திறக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக அமுக்கித் திரை முழுக்க நிறத்தை வரவைத்துப் பாருங்கள். மேலே கடிகாரம் நிற்கும் இடத்திலும் கீழே மூன்று பட்டன் வரும் இடத்திலும் நிழல் மாதிரி ஒரு கறை தெரிந்தால் திரை தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். வெளிறிய சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து பார்த்தால் அந்தக் கறை இன்னும் நன்றாகத் தெரியும். லேசாக இருந்தால் விலை பேசலாம். நடுத்திரையில் இருந்தால் டிசைனுக்கு இடைஞ்சல்.

அதே சோதனைத் திரையில் எஸ் பென் (இந்தப் பேனாவுக்கு சாம்சங் வைத்த பெயர்) என்று தொடங்கும் பட்டன்களும் இருக்கும். பேனாவை வெளியே எடுத்து, திரையைத் தொடாமல் அரை சென்டிமீட்டர் உயரத்தில் பிடியுங்கள். போன் பேனாவைப் பின்தொடர வேண்டும். அப்புறம் வரையும் பக்கத்துக்கு வந்து ஸ்கேலை வைத்து, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் மேலிருந்து கீழாக ஏழு கோடு, இடமிருந்து வலமாகப் பதினைந்து கோடு, மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்கள். அவசரப்படாதீர்கள், ஒரு கோட்டுக்கு ஐந்து விநாடியாவது எடுங்கள். வேகமாக இழுத்தால் எல்லாம் நேராகத்தான் தெரியும், பழுது மெதுவான கோட்டில்தான் வெளியே வரும். ஒரே இடத்தில் எல்லாக் கோடும் அறுந்தால் பின்தகட்டில் கம்பி போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் கோடு பேனாவை விட்டு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், டிஸ்ப்ளேயைக் கழற்றி மாட்டியபோது தகடு சரியாக உட்காரவில்லை. இரண்டையும் கடைக்காரர் "ஒரு தடவை அப்டேட் போட்டா சரியாயிரும்" என்பார். சரியாகாது.

காப்பி காம்போ (கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் சேர்ந்த போலி பாகம்) போட்ட செட்டை இந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். மலிவான காம்போவில் பேனாத் தகடு இருக்காது அல்லது பழைய தகட்டைச் சூடு காட்டி உரித்து ஒட்டியிருப்பார்கள். விரல் தொட்டால் எல்லாம் வேலை செய்யும், பேனா மட்டும் செய்யாது. நோட் 10 லைட்டில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. உங்கள் விரல்ரேகையைப் புதிதாகப் பதிவு செய்து பாருங்கள். அதன் உணரி திரைக்கு அடியில் இருந்து திரையின் வெளிச்சத்திலேயே ரேகையைப் பார்க்கிறது. எல்.சி.டி. வகைக் காப்பித் திரை போட்டிருந்தால் ரேகை பதிவாகவே பதிவாகாது. விரலைத் துடைத்து இரண்டு மூன்று விரலில் முயன்றும் ஏறவில்லை என்றால் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். டிஸ்ப்ளே மாற்றியிருந்தாலும் ஃப்ரேமோடு வந்த ஒரிஜினல் சர்வீஸ் பேக் (சாம்சங்கே தரும் மாற்று டிஸ்ப்ளே) போட்டிருக்கிறேன் என்று பில் காட்டினால், மேலே சொன்ன கோட்டுச் சோதனையில் பாஸ் ஆனால், தாராளமாக எடுக்கலாம்.

பேனாவை ஐந்தாறு முறை செருகி எடுங்கள். ஒவ்வொரு முறையும் போன் அதிர்ந்தோ மெனு காட்டியோ பதில் சொல்ல வேண்டும். செருகும்போது கடைசியில் ஒரு மில்லிமீட்டர் துருத்தி நின்றால் உள்ளே உடைந்த நுனி கிடக்கலாம். பின்மூடியின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். எங்காவது தூக்கி நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது, அது வேண்டவே வேண்டாம். சாம்சங் மெம்பர்ஸ் என்ற செயலியில் சோதனைப் பகுதி இருக்கிறது, பேட்டரி நிலை, பேனா, ஸ்பீக்கர் எல்லாம் அதில் பார்க்கலாம்.

பிறகு உங்கள் சிம்மைப் போட்டு வீட்டுக்கு ஒரு அழைப்பு. பேசும்போது மேலே 4ஜி நிற்கிறதா என்று பாருங்கள். *#06# போட்டால் ஐ.எம்.இ.ஐ. எண் (செட்டுக்கென்று உள்ள தனி அடையாள எண்) வரும், அது அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தும், ஓர் இடைவெளி விட்டு அந்த எண்ணும் டைப் செய்து 14422க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் செட்டின் விவரம் வரும். திருட்டு என்று முடக்கப்பட்ட செட்டு அதில் தெரிந்துவிடும். அரசின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். செக்யூர் ஃபோல்டர் என்ற சாம்சங்கின் பூட்டு போட்ட பகுதியைத் திறந்து பாருங்கள். சாஃப்ட்வேரை நோண்டிய செட்டில் அது திறக்காது. கடைசியாக உங்கள் கண் முன்னாலேயே செட்டை முழுக்க ரீசெட் போடச் சொல்லுங்கள். திரும்ப எழும்போது பழைய ஆளின் கூகுள் கணக்கைக் கேட்டாலோ, ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் வந்தாலோ பணத்தை எடுக்க வேண்டாம். பில்லில் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும், "டிஸ்ப்ளே ஒரிஜினல்" என்பதையும், எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

15,000இல் செட்டுக்கு 12,000க்கு மேல் போகாமல் பாருங்கள். மிச்சம் பேட்டரிக்கு வேண்டும். அந்த வயதுப் பேட்டரி இன்று நன்றாக இருந்தாலும் ஒரு வருடத்தில் தளரும். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒரிஜினலாகவே மாற்றுங்கள். நோட் 8, நோட் 9 புதிதில் ஒன்றரை மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற தரச்சான்றோடு வந்தவை. ஆனால் ஒரு முறை பின்மூடியைச் சூடு காட்டித் திறந்தால் உள் ஒட்டுப் பட்டை போய்விடும், அதற்கப்புறம் அந்தச் சான்றை நம்ப முடியாது. லைட்டுக்கு அந்தச் சான்றே இல்லை. சாயத் தொட்டிப் பக்கம் வேண்டாம் என்றது இதற்காகத்தான்.

கவர் வாங்கும்போது காந்தம் வைத்து மூடுகிற ஃபிளிப் கவர் வேண்டாம். காந்தம் இருக்கும் இடத்துக்கு நேரே பேனா எழுதாது அல்லது கோணலாக எழுதும். பைக்கில் போனை நிறுத்துவதற்காக முதுகில் ஒட்டும் காந்த வளையமும் அப்படித்தான். புதிதாக வாங்கிய செட்டில் "இங்கே மட்டும் எழுத மாட்டேங்குது" என்று வரும் புகார்களில் கவரைக் கழற்றினாலே தீர்ந்துவிடுபவை உண்டு. டெம்பர்டு கண்ணாடி ஒட்டலாம், காந்தப் புலம் அதைத் தாண்டி வரும். தட்டைத் திரையில் சாதாரண கண்ணாடியே ஒழுங்காக உட்காரும், வளைந்த திரைக்குத்தான் பசை ஊற்றி ஒட்டும் கண்ணாடி வேண்டும், அந்தப் பசை ஸ்பீக்கர் துளைக்குள் இறங்கிக் கெடுத்த செட்டுகளும் உண்டு. சொரசொரப்பான மேட் ஃபிலிம் ஒட்டினால் காகிதத்தில் எழுதுவது போலவே இருக்கும், ஆனால் நுனி சீக்கிரம் தேயும். தேய்ந்த நுனியின் ஓரம் கத்தி மாதிரி கூர்மையாகும். நகத்தால் தடவிப் பார்த்துச் சாய்வு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். சின்ன இடுக்கியால் நேராக இழுத்தால் வந்துவிடும், புதியதை அப்படியே உள்ளே தள்ள வேண்டும். உங்கள் வீட்டில் கோரைத் தூசு பறக்கும், அதில் ஒட்டிவரும் நுண்மணல் நுனிக்கும் திரைக்கும் நடுவில் சிக்கினால் கண்ணாடியில் கீறல் விழும். வரைய உட்காரும் முன் பருத்தித் துணியால் ஒரு துடைப்பு.

பாதுகாப்பு அப்டேட் நின்ற போன் இது, ஆகவே ஜி-பே, வங்கிச் செயலிகளை இப்போதிருக்கும் போனிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதில் தனி சிம்கூடத் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனம் என்ற வசதியில் உங்கள் அதே எண்ணை இந்தப் போனிலும் திறக்கலாம், நெட்டைப் பழைய போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். இரண்டு சிம்மும் கார்டும் சேர்த்துப் போட முடியாத தட்டு இதில் இருப்பதால், இரண்டாவது சிம் இடத்தைக் கார்டுக்கு விட்டுவிடுங்கள்.

இனி டிசைன். சாம்சங் நோட்ஸில் கட்டம் போட்ட பக்கம் இருக்கிறது, ஆனால் அந்தக் கட்டம் சதுரம். பாயில் கட்டம் சதுரமாக வராது, பாவு நூல்களின் (தறியில் நீளவாக்கில் கட்டியவை) இடைவெளி ஒன்று, கோரையின் தடிமன் வேறொன்று. சதுரக் கட்டத்தில் அழகாக இருக்கும் 'ம' நெய்து முடித்தால் சப்பையாகவோ ஒல்லியாகவோ நிற்கும். ஆகவே நெய்து முடித்த ஒரு பாயை எடுத்து, ஸ்கேலை வைத்து, 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை பாவு நூல், எத்தனை கோரை வரிசை என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு நூல் 40, கோரை 60 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தின் அகலம் இரண்டரை மில்லிமீட்டர், உயரம் 1.67 மில்லிமீட்டர், அதாவது மூன்றுக்கு இரண்டு. அந்த விகிதத்தில், கட்டம் ஒன்றுக்கு அகலம் 60 புள்ளி, உயரம் 40 புள்ளி என்று ஒரு கட்டப் படத்தை டி.டி.பி. சென்டரில் ஒரே ஒரு முறை போட்டு வாங்கிக்கொண்டால் காலத்துக்கும் போதும். பட்டுப்பாய்க்கு நூல் நெருக்கம் வேறு, அதற்குத் தனிப் படம்.

ஸ்கெட்ச்புக் என்ற இலவச வரைசெயலியில் அந்தப் படத்தை அடி அடுக்காக (லேயர்) வைத்துப் பூட்டிவிடுங்கள். மேலே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடுக்கு. பேரில் எழுத்து மாறினால் அந்த அடுக்கை மட்டும் அழித்து எழுதினால் முடிந்தது. ஒரு முறை நன்றாக வந்த எழுத்தைத் தனிப் படமாகச் சேமித்துவையுங்கள். பதினெட்டு மெய்யெழுத்துக்கும் உயிர்க்குறிகளுக்கும் வடிவம் சேர்ந்துவிட்டால் பெரும்பாலான பேரை ஒட்டியே முடித்துவிடலாம். 'ட'வுக்கு ஐந்து கட்ட அகலம் போதும், 'ண'வின் மூன்று வளைவும் தெரிய அதைப் போல இரண்டு மடங்காவது வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் ஒதுக்கினால் 'கண்ணன்' படிக்க முடியாமல் அடைந்துவிடும்.

நிறம் காட்ட வேண்டியிருந்தால் அமைப்புகளில் டிஸ்ப்ளேக்குப் போய், திரை முறையை விவிட் என்பதில் இருந்து நேச்சுரல் என்பதற்கு மாற்றுங்கள். இந்தத் திரைகள் இயல்பிலேயே சிவப்பைத் தூக்கிக் காட்டும். போனில் பார்த்த சிவப்பு பாயில் இல்லையே என்று கல்யாண வீட்டார் கேட்கக் கூடாது. சாயம் போட்ட கோரை ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துச் சேர்த்து அனுப்பினால் இன்னும் நல்லது.

வரைந்த படத்தை நெசவுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், டாகுமென்ட் என்பதை அமுக்கி அனுப்புங்கள். போட்டோவாகப் போனால் அது படத்தைச் சுருக்கும், மெல்லிய கட்டக் கோடுகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். தறியில் இருப்பவர் பெரிதாக்கிப் பார்த்து எண்ணும்போது ஒரு கட்டம் தவறும். பத்துக் கட்டத்துக்கு ஒரு முறை கோட்டைத் தடிப்பாக்கி, ஓரத்தில் 10, 20, 30 என்று பேனாவால் எண் போட்டு அனுப்பினால் போன் செய்து கேட்காமலே அவர்கள் நெய்துகொள்வார்கள்.